பெயர் சொல்ல ஒருவர்



நவம்பர் மாதம் பிறந்துவிட்டது. மரித்த விசுவாசிகளை நினைத்து மன்றாடுவதற்கென்று நம் தாய்த் திருச்சபை ஒதுக்கி வைத்துள்ள மாதம் இது. கல்லறைத் தோட்டத்துப் புல்லைச் செதுக்கி, கல்லறைகளுக்கு வெள்ளையடித்து, சிலுவையில் மங்கிப்போன எழுத்துகளின்மேல் மீண்டும் மை தீட்டுகின்ற நாட்கள் இவை. இம்மாதம் 'உலகை வலம் வருவோம்' பகுதியில் உங்களை எங்கே அழைத்துச் செல்வது என்று எண்ணியபோது, உலகத்திலேயே மிகப் பெரிய கல்லறைகளை எழுப்பிய நாடுதான் நினைவுக்கு வந்தது. வாருங்கள், எகிப்துக்குப் போவோம்.

ஏரோதின் வாளுக்குத் தப்பிய திருக்குடும்பத்துக்கு அடைக்கலம் தந்த நாடு எகிப்து. ஆகவே அது நமக்கு அந்நிய நாடு அன்று. சில மாதங்களுக்கு முன் நம் மறைமாவட்ட மக்கள் முப்பது பேருடன் அந்நாட்டுக்குத் திருயாத்திரை செல்லும் வாய்ப்பு அடியேனுக்குக் கிட்டியது. பழைய கெய்ரோவில், திருக்குடும்பம் தங்கியதாக மரபு கூறும் இடத்தின்மேல் எழுந்த புனித செர்கியுஸ், பாக்குஸ் ஆலயத்தைத் தரிசித்தோம். மத்தாரியாவில் மரியன்னையின் பெயர் தாங்கிய மரத்தடியில் செபமாலை சொன்னோம். அதன்பின் பழம்பெரும் சின்னங்களைக் காணப் புறப்பட்டோம்.

எங்களுக்கு வழிகாட்டியாக வந்தவர் ஒரு கோப்திக் கிறிஸ்தவர். வலக்கையின் மணிக்கட்டில் சிறு சிலுவை ஒன்றைப் பச்சை குத்தியிருந்தார். எகிப்தின் கிறிஸ்தவர்கள் பலர் குழந்தைப் பருவத்திலேயே இவ்வாறு குத்திக்கொள்வது வழக்கம். முதல் நாளே அவர் எங்களிடம் ஒன்று சொன்னார்: "நீங்கள் காணப்போகும் கற்கள் எல்லாம் ஒரே ஒரு வேண்டுதலைத்தான் சொல்கின்றன. என் பெயரை மறந்துவிடாதீர்கள் என்பதே அது." பயணம் முடியும்வரை அச்சொற்கள் என் செவியில் ஒலித்துக்கொண்டே இருந்தன.

கீசாவில்

கெய்ரோ மாநகரின் மேற்கு ஓரத்தில், நகரம் முடிந்து பாலைவனம் தொடங்கும் இடத்தில் நிற்கின்றன கீசாவின் பிரமிடுகள். அவற்றுள் பெரியது கூஃபு மன்னனுடையது. கி.மு. 2560-ஐ ஒட்டிய காலத்தில் எழுந்தது. அடித்தளத்தின் ஒரு பக்கம் சுமார் 230 மீட்டர். கட்டி முடித்தபோது அதன் உயரம் சுமார் 146 மீட்டர். உச்சிக் கற்கள் உதிர்ந்துவிட்டதால் இன்று 138 மீட்டர் அளவே உள்ளது. ஏறத்தாழ 23 இலட்சம் கற்கள் அதில் அடுக்கப்பட்டுள்ளன என்பது அறிஞர் கணிப்பு. சுமார் 3800 ஆண்டுகள் உலகில் மனிதன் கட்டிய எதுவும் அதன் உயரத்தை எட்டவில்லை.

அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த எங்கள் குழுவின் பெரியவர் ஒருவர் பெருமையோடு, "இவையெல்லாம் இஸ்ராயேல் மக்கள் அடிமைகளாக இருந்தபோது கட்டியவைதானே?" என்றார். நம்மில் பலர் மறைக்கல்வி வகுப்பிலிருந்தே அப்படித்தான் எண்ணி வந்திருக்கிறோம். வழிகாட்டி புன்னகையோடு தலையசைத்து மறுத்தார்.

அவர் மறுத்ததே உண்மை. இந்தப் பிரமிடுகள் எழுந்து பல நூற்றாண்டுகள் கழிந்த பின்னரே ஆபிரகாமின் காலம் வருகிறது. மோசேயின் காலமோ ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகப் பிந்தியது. விடுதலைப் பயண நூலும் பிரமிடுகளைப் பற்றி ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. களிமண்ணையும் வைக்கோலையும் பிசைந்து செங்கல் அறுத்ததையும், பித்தோம், இராம்சேஸ் என்னும் களஞ்சிய நகர்களைக் கட்டியதையுமே அது கூறுகிறது. மறைநூல் சொல்லாததை மறைநூலின்மேல் ஏற்றிச் சொல்வது பக்தியாகாது.

அப்படியானால் யார் கட்டினார்கள்? பிரமிடுகளுக்குத் தெற்கே, சற்றுத் தொலைவிலுள்ள மணல்மேட்டில் அதற்கு விடை கிடைத்தது. 1990-ஆம் ஆண்டு அங்கே சென்ற குதிரை ஒன்று மண்ணில் புதைந்திருந்த செங்கற்சுவரில் கால் இடறியது. தோண்டிப் பார்த்தபோது, பிரமிடு கட்டிய உழைப்பாளிகளின் கல்லறைகள் வெளிப்பட்டன. அருகே அவர்கள் வாழ்ந்த ஊரும் அகழ்ந்தெடுக்கப்பட்டது. ரொட்டி சுட்ட அடுப்புகளும், உண்டு எறிந்த மாட்டெலும்புகளும் அங்கே கிடைத்தன. எலும்புக்கூடுகளில் பாரம் சுமந்து தேய்ந்த முதுகெலும்புகளைக் கண்டார்கள். முறிந்து, முறையாகக் கட்டுப்போட்டு, மீண்டும் கூடிய கை எலும்புகளையும் கண்டார்கள். அவர்கள் கடுமையாக உழைத்தவர்கள். ஆயினும் நோயுற்றபோது பேணப்பட்டவர்கள். மன்னனின் நிழலிலேயே அடக்கம் பெற்றவர்கள். சங்கிலியில் பூட்டிய அடிமைகளை எவரும் அவ்வாறு அடக்கம் செய்வதில்லை.

2013-ஆம் ஆண்டு செங்கடற்கரையில் வாதி அல்-ஜார்ஃப் என்னுமிடத்தில் இன்னொரு சான்று கிடைத்தது. கூஃபு மன்னனின் காலத்து மேற்பார்வையாளர் ஒருவர் எழுதிய நாட்குறிப்பு அது. அவர் பெயர் மெரெர். தூரா என்னுமிடத்துச் சுண்ணாம்புக் கற்களைப் படகில் ஏற்றி, நைல் நதி வழியாகக் கீசாவுக்குக் கொண்டுவந்து இறக்கியதை அவர் நாள்தோறும் எழுதி வைத்திருக்கிறார். எழுத்துள்ள பாப்பிரஸ் ஏடுகளில் உலகிலேயே மிகப் பழையவை இவையே.

இங்கே ஒரு வியப்பைக் கேளுங்கள். இத்தனை பெரிய பிரமிட்டினுள்ளே கூஃபுவின் பெயர் எங்கே எழுதப்பட்டுள்ளது? அரச மண்டபத்தின் சுவரில் இல்லை. அதன்மேல், எவர் கண்ணுக்கும் படாத சிறு அறைகளில், கல் இழுத்த குழுக்கள் செங்காவியால் தங்கள் குழுப்பெயரைக் கிறுக்கி வைத்திருக்கின்றன. அவற்றுள் ஒன்று 'கூஃபுவின் நண்பர்கள்' என்பது. தன் நினைவுக்கு மலையையே எழுப்பிய மன்னனின் பெயரை அதனுள் எழுதிக் காத்தவர்கள் அவனுடைய கூலியாட்களே! அவனுடைய உருவமும் அப்படித்தான். அவனுடையது என்று ஐயமறத் தெரிந்த முழு உருவச் சிலை ஒன்றே ஒன்று. 1903-ஆம் ஆண்டு அபிதோசில் கிடைத்தது. தந்தத்தாலான அதன் உயரம் ஏழரை சென்டிமீட்டர். உள்ளங்கையில் அடங்கிவிடும்.

வழிப்போக்கரே, சற்று நில்லுங்கள்

கீசாவுக்குத் தெற்கே சக்காரா. எகிப்தின் முதல் பெரும் கற்கட்டடமான ஜோசர் மன்னனின் படிப் பிரமிடு இங்கே நிற்கிறது. கி.மு. 2650-ஐ ஒட்டிய காலத்தது. ஆறு அடுக்குகள், 60 மீட்டருக்கு மேற்பட்ட உயரம். அதனை அமைத்தவராகக் கருதப்படும் இம்ஹோதெப்பின் பெயரை மன்னனுடைய சிலையின் பீடத்திலேயே பொறித்திருக்கிறார்கள். பணியாளர் ஒருவருக்கு இத்தகைய பெருமை கிடைப்பது அரிது.

சக்காராவின் மணற்பரப்பில் அமைச்சர்களின் கல்லறைகளும் உள்ளன. மெரெருக்கா என்னும் அமைச்சரின் கல்லறையில் மட்டும் முப்பதுக்கும் மேற்பட்ட அறைகள். சுவரெங்கும் மீன் பிடிப்போர், மாடு மேய்ப்போர், தட்டார், தச்சர் ஆகியோரின் உருவங்கள். நடுவே, கல் வாயிலிலிருந்து வெளியே காலெடுத்து வைப்பவர்போல் மெரெருக்காவின் சிலை நிற்கிறது.

அங்கே நின்றபடிதான் வழிகாட்டி எகிப்தியரின் பழைய வழக்கம் ஒன்றை விளக்கினார். அவர்கள் தங்கள் கல்லறைகள் பலவற்றில் வழிப்போக்கர்களுக்கென்று ஒரு வேண்டுகோளைப் பொறித்து வைப்பார்கள். பூமியில் உயிரோடிருப்போரை விளித்து, இவ்வழியே செல்கையில் சற்று நின்று, எனக்கு ஆயிரம் ரொட்டியும் ஆயிரம் பானமும் கிடைக்குமாறு வாயால் சொல்லுங்கள் என்று கேட்பார்கள். பொருளாக எதையும் தர வேண்டுவதில்லை. மூச்சுக்காற்று ஒன்று போதும், உமக்கு அதனால் களைப்பும் இல்லை, செலவும் இல்லை என்று கெஞ்சுவோரும் உண்டு. பெயர் உச்சரிக்கப்படும்வரை இறந்தவர் வாழ்கிறார், பெயர் மறைந்தால் இரண்டாம் முறை இறக்கிறார் என்பது அவர்கள் நம்பிக்கை.

நம் விசுவாசம் அதுவன்று. நாம் மறந்தாலும் கடவுள் மறப்பதில்லை. நம்மை வாழ வைப்பது கல்லெழுத்து அன்று, உயிர்த்த ஆண்டவரே. எனினும், இறந்தபின் தமக்காக ஒரு சொல் சொல்லும்படி உயிரோடிருப்போரைக் கேட்கும் அந்த ஏக்கம் நமக்குப் புதிதா? நவம்பர் 2-ஆம் நாள் நம் பங்குகளில் திருப்பலிக்கு முன் ஒரு தாளை நீட்டி, "சுவாமி, எங்கள் அப்பா பெயர் விட்டுப்போகாமல் வாசித்துவிடுங்கள்" என்று கேட்கிறோமே, அதன் வேரும் இந்த ஏக்கந்தான்.

மறுநாள் கெய்ரோவில் எகிப்திய நாகரிகத் தேசிய அருங்காட்சியகத்துக்குச் சென்றோம். 2021 ஏப்ரல் 3-ஆம் நாள் அரசர், அரசியர் 22 பேரின் பதம் செய்த உடல்களை ஊர்வலமாகக் கொண்டுவந்து இங்கே வைத்தார்கள். மங்கிய ஒளி, படம் எடுக்கத் தடை, எல்லாரும் தாழ்ந்த குரலிலேயே பேசுகிறார்கள். கி.மு. 1213-இல், ஏறத்தாழ 90 வயதில் இறந்த இரண்டாம் இராம்சேஸ் அங்கே கிடக்கிறார். அவர் உடலை 1976-இல் பாரிசுக்குக் கொண்டுசென்று ஆராய்ந்தபோது, மூக்கினுள் மிளகு மணிகளைக் கண்டார்கள். நம் தென்னாட்டு மலைகளில் விளையும் அதே மிளகு! அபு சிம்பெலில் தன் உருவத்தையே 20 மீட்டர் உயரத்தில் நான்கு முறை செதுக்கி வைத்தவரின் முகத்தில் இன்று எஞ்சியிருப்பது தோலும், எலும்பும், சில வெளிர் மயிரிழைகளும்.

அழித்த பெயரும் ஆழமாய் வெட்டிய பெயரும்

கெய்ரோவிலிருந்து இரவு இரயிலேறி, விடியலில் தெற்கே லக்சர் நகரை அடைந்தோம். பழைய தீப்ஸ் நகரம் இதுவே. கிழக்குக் கரையில் கர்னாக் பெருங்கோயில் உள்ளது. அங்கே அரசி ஹாட்செப்சுட் நிறுத்திய ஒற்றைக்கல் தூண் 29 மீட்டர் உயரத்தில் இன்றும் நிற்கிறது. பெண்ணாயிருந்தும் மன்னர் பட்டம் தாங்கி இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆண்டவர் அவர். அவருக்குப் பின் ஆண்ட மூன்றாம் துத்மோஸ் அவருடைய பெயரையும் உருவத்தையும் பல இடங்களில் உளியால் கொத்தி அழித்தார். இந்தத் தூணின் கீழ்ப்பகுதியைச் சுற்றிச் சுவர் எழுப்பி மறைத்தார். காலம் செய்த வேடிக்கையைப் பாருங்கள்: மறைக்க எழுப்பிய சுவரே அத்தூணின் எழுத்துகளைத் தேயாமல் காத்துவிட்டது.

நைலைக் கடந்து மேற்குக் கரைக்குப் போனால், மதீனத் ஹாபு என்னுமிடத்தில் மூன்றாம் இராம்சேஸின் கோயில். தமக்கு முன்னிருந்தோரின் பெயர்கள் அழிக்கப்பட்டதை அறிந்தவர்போலும்! தம் பெயரை மிக ஆழமாக வெட்டச் செய்திருக்கிறார். இன்று அந்தப் பள்ளங்களில் சிட்டுக்குருவிகள் அமர்ந்திருக்கின்றன. இக்கோயிலின் முற்றம் ஒன்றைப் பிற்காலத்தில் கோப்திக் கிறிஸ்தவர்கள் ஆலயமாக்கி வழிபட்டார்கள்.

அங்கிருந்து சிறிது தூரத்தில் தெய்ர் எல்-மதீனா. நான் இந்த நாட்டில் கண்டவற்றுள் என் மனத்தை மிகவும் கவர்ந்தது இந்தச் சிற்றூர்தான். அரசர்களின் கல்லறைகளைக் குடைந்து, சுவருக்கு வண்ணம் தீட்டியவர்கள் இங்கே குடும்பம் குடும்பமாக ஏறத்தாழ 400 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார்கள். மதிலுக்குள் சுமார் 70 வீடுகள். முழங்கால் உயரச் சுவர்கள் இன்றும் நிற்கின்றன. இது திண்ணை, இது அடுப்படி, இது மாடிப்படி என்று எங்கள் குழுவின் பெண்கள் தாங்களே அடையாளம் சொல்லத் தொடங்கிவிட்டார்கள்.

இவ்வூர் மக்கள் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள். உடைந்த ஓடுகளிலும் கற்சில்லுகளிலும் அவர்கள் எழுதியவை ஆயிரக்கணக்கில் கிடைத்துள்ளன. வேலைக்கு வராதவர்களின் பட்டியல் ஒன்று லண்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒருவருக்குக் கண் நோய், ஒருவரைத் தேள் கொட்டிவிட்டது, ஒருவர் இறந்துபோன தாயின் உடலுக்குத் துணி சுற்றிக்கொண்டிருந்தார் என்று காரணங்கள் அதில் குறித்திருக்கின்றன. மூன்றாம் இராம்சேஸின் 29-ஆம் ஆட்சியாண்டில், கி.மு. 1157-ஐ ஒட்டி, கூலித் தானியம் வராமல் பசியால் வாடியபோது இவர்கள் கருவிகளைக் கீழே வைத்துவிட்டு, கோயிலின் பின்புறம் போய் அமர்ந்துவிட்டார்கள். வரலாற்றில் எழுத்தில் பதிவான முதல் வேலைநிறுத்தம் இதுவே. பெயரை அவ்வளவு ஆழமாக வெட்டிக்கொண்ட மன்னரின் ஆட்சியில் அரசர்களின் கல்லறைகளைக் குடைந்தவர்களுக்குச் சோறில்லை!

இவ்வூரில் நௌனக்தே என்னும் மூதாட்டி ஒருத்தி கி.மு. 1145-ஐ ஒட்டி ஊர் மன்றத்தின் முன் உயில் எழுதி வைத்தாள். எட்டுப் பிள்ளைகளை வளர்த்து, எல்லாருக்கும் செய்ய வேண்டியதைச் செய்தவள். முதுமையில் தன் கையைப் பற்றித் தாங்கியவர்களுக்கே தன் பொருள், பேணாதவர்களுக்கு இல்லை என்று உறுதியாகச் சொல்லிவிட்டாள். மூவாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய தாயின் குரல் இது! மொழியும் நாடும் வேறாயினும், நம் வீட்டுத் திண்ணைகளில் நாம் கேளாத குரலா?

அரசர்களின் பள்ளத்தாக்கு

மறுநாள் அதிகாலையில், வெயில் ஏறுமுன், அரசர்களின் பள்ளத்தாக்குக்குச் சென்றோம். செம்மஞ்சள் நிறப் பாறைகள். ஒரு புல்கூட இல்லை. பாறையைக் குடைந்த கல்லறைகள் அறுபதுக்கு மேல். மரச்சட்டம் பதித்த பாதையில் இறங்கினால், நேற்றுத் தீட்டியவைபோல் வண்ண ஓவியங்கள்.

தமிழராகிய நமக்கு இங்கே ஒரு தனி மகிழ்ச்சி உண்டு. உரோமைப் பேரரசின் காலத்திலேயே இக்கல்லறைகள் பல திறந்து கிடந்தன. பார்க்க வந்த கிரேக்கர் சுவர்களில் தங்கள் பெயர்களைக் கீறி வைத்தார்கள். அவற்றுக்கிடையே தமிழ்ப் பிராமி உள்ளிட்ட இந்திய எழுத்துகளில் ஏறத்தாழ 30 கீறல்களை ஆய்வாளர்கள் கண்டறிந்து, 2026-ஆம் ஆண்டில் சென்னையில் எடுத்துரைத்தார்கள். 'சிகை கொற்றன்' என்னும் தமிழன் ஐந்து கல்லறைகளில் எட்டு இடங்களில் தன் பெயரைப் பொறித்திருக்கிறான். செங்கடல் துறைமுகங்களில் கிடைத்த பானை ஓடுகளிலும் கணன், சாத்தன் என்னும் தமிழ்ப் பெயர்கள் உண்டு. கடல் கடந்து வணிகத்துக்கு வந்தவன், ஊர் திரும்புவோமோ மாட்டோமோ என்ற நினைவில், நானும் இங்கே வந்தேன் என்று எழுதினான்போலும்.

சிகை கொற்றன் காணாத கல்லறை ஒன்று உண்டு. அது அப்போது மண்மூடிக் கிடந்தது. 1922-ஆம் ஆண்டு இதே நவம்பர் மாதம் 4-ஆம் நாள் ஹோவர்ட் கார்ட்டர் என்னும் ஆங்கிலேயர் அதன் முதற்படியைக் கண்டார். துட்டன்காமன் என்னும் இளம் மன்னனின் கல்லறை அது. ஏறத்தாழ 18 வயதில் இறந்தவன். பின்வந்தோர் அரசர் பட்டியலிலிருந்தே அவன் பெயரை விலக்கிவிட்டார்கள். மறக்கப்பட்டதாலேயே அவன் கல்லறை பெரிதும் தப்பித்தது. அதிலிருந்த ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பொருள்கள், 2025 நவம்பர் 1 அன்று முறைப்படித் திறக்கப்பட்ட பெரும் எகிப்திய அருங்காட்சியகத்தில் கீசாவுக்கு அருகே வைக்கப்பட்டுள்ளன. பொன் முகமூடியைப் பற்றி நீங்கள் அறிவீர்கள். ஆனால் பெட்டியின் நெற்றியில் கிடந்த, வாடிப்போன சின்னஞ்சிறு பூ வளையத்தைப் பொன்னைவிட அழகானதாகக் கார்ட்டர் எண்ணினார். இளம் மனைவி கடைசியாக வைத்த மலராக இருக்கும் என்று அவர் கருதினார்.

இன்னொன்றையும் வழிகாட்டி சொன்னார். அக்கல்லறையின் உள்ளறையில் ஒரு மரப்பேழை. அதனுள் மிகச் சிறிய சவப்பெட்டிகள் இரண்டு. அவற்றில் நிறைமாதம் காணாத இரண்டு பெண் சிசுக்களின் உடல்கள், அரசருக்குச் செய்வதுபோலவே பதம் செய்யப்பட்டு இருந்தன. ஒன்று ஏறத்தாழ ஐந்து மாதக் கரு. மற்றது அதனினும் வளர்ந்தது. அம்மன்னனின் மக்களாகவே இருக்கவேண்டும் என்று ஆய்வாளர் கருதுகின்றனர்.

எங்கள் குழுவில் எழுபதைத் தாண்டிய ஒரு தாய் இருந்தார். அதுவரை எதுவுமே கேளாதவர், அப்போது மெதுவாகக் கேட்டார்: "அந்தப் பிள்ளைகளின் பெயர் என்ன?"

"பெயர் எழுதவில்லை, அம்மா," என்றார் வழிகாட்டி. "இறந்தோர் எல்லாருக்கும் பொதுவாக இடும் ஓசிரிஸ் என்ற சொல் மட்டுமே பெட்டியில் இருக்கிறது."

அந்தத் தாய் ஒன்றும் பேசவில்லை. படகில் நைலைக் கடந்து திரும்பும்போது என் அருகில் வந்து அமர்ந்தார். நாற்பத்தொரு ஆண்டுகளுக்கு முன், ஏழாம் மாதத்தில் தமக்கு ஒரு பெண் குழந்தை மூச்சின்றிப் பிறந்ததைச் சொன்னார். திருமுழுக்குப் பெறாத குழந்தை என்பதால் கல்லறைத் தோட்டத்து மதிலுக்கு வெளியே, ஒரு வேலி ஓரமாக, கணவரின் தம்பி கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு வந்தார். எந்த இடம் என்பதுகூட இவருக்குத் தெரியாது. வீட்டில் அதன்பின் அந்தப் பேச்சை எவரும் எடுக்கவில்லை. "ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் மாமனார், மாமியார், இப்போது அவர், எல்லார் பெயரும் எழுதிக் கொடுக்கிறேன், சுவாமி. அதற்கு மட்டும் பெயரே இல்லையே, எப்படி எழுதுவது?" என்றார்.

என்னால் உடனே விடை சொல்ல முடியவில்லை. காரணம், என் மனச்சான்று என்னைக் குத்தியது. குருப்பட்டம் பெற்ற புதிதில், ஒரு நாள் மாலை, இளந்தகப்பன் ஒருவர் வெள்ளைத் துணியில் சுற்றிய சிறு பொதியோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றார். நான் பழைய வழக்கத்தைச் சொல்லி அவரை அனுப்பிவிட்டேன். அப்போதே, 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம், திருமுழுக்கு அளிக்கப் பெற்றோர் எண்ணியிருந்தும் அதற்குள் இறந்துவிட்ட குழந்தைகளுக்கு ஆயரின் இசைவோடு திருச்சபை அடக்கச் சடங்கு நடத்தலாம் என்று கூறியிருந்தது. நான் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. சட்டத்தின் குறையன்று, என் குறை.

ஆகவே இதை வாசிக்கும் பெற்றோருக்குத் தெளிவாகச் சொல்ல விரும்புகிறேன். திருமுழுக்கின்றி இறந்த குழந்தைகள் 'லிம்போ' என்னும் இடத்துக்குச் செல்வர் என்று முற்காலத்தில் பலர் கற்பித்தனர். அது இறையியலார் கருத்தாக இருந்ததேயன்றி, திருச்சபை வரையறுத்த விசுவாசச் சத்தியமாக ஒருபோதும் இருந்ததில்லை. 1992-இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி இக்குழந்தைகளை இறைவனின் இரக்கத்திடம் ஒப்படைக்கிறது. சிறுபிள்ளைகளைத் தம்மிடம் வரவிடச் சொன்ன இயேசுவின் கனிவை நினைவூட்டுகிறது. 2007-இல், திருத்தந்தை பதினாறாம் ஆசீர்வாதப்பரின் இசைவோடு வெளியான பன்னாட்டு இறையியல் ஆணையத்தின் ஏடு, அவர்களின் மீட்பை எதிர்நோக்க நமக்கு உறுதியான காரணங்கள் உண்டு என்று விளக்குகிறது. திருமுழுக்கின் தேவையை இது குறைப்பதில்லை. கடவுளின் இரக்கத்துக்கு நாம் எல்லை கட்டக்கூடாது என்றே சொல்கிறது.

இவற்றைச் சொல்லிவிட்டு, "அம்மா, இப்போது அந்தப் பிள்ளைக்கு நீங்கள் பெயர் வைக்கலாம்" என்றேன். அவர் கண்களைத் துடைத்துக்கொண்டு, "பெயர் எப்போதோ வைத்துவிட்டேன், சுவாமி. மனத்துக்குள்ளே கூப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். வெளியே சொன்னதில்லை" என்றார்.

அன்று மாலை விடுதியின் சிறு அறையில் திருப்பலி நிறைவேற்றினோம். மன்றாட்டு வேளையில் அந்தப் பெயரை அவரே வாய்விட்டுச் சொன்னார். அறையில் இருந்த மற்றப் பெண்களில் இருவர் விம்மியழுதார்கள். அவர்கள் எந்தப் பெயரை நினைத்து அழுதார்களோ, ஆண்டவர் அறிவார்.

நவம்பர் 2

அன்பர்களே, விடுதலைப் பயண நூலைத் திறந்து அதன் முதல் அதிகாரத்தைப் பாருங்கள். ஆண் குழந்தைகளைக் கொல்ல ஆணையிட்ட எகிப்து மன்னனின் பெயரை அது சொல்லவில்லை. அவன் எந்த மன்னன் என்று அறிஞர் இன்றும் வாதிடுகின்றனர். ஆனால் அவன் ஆணையை மீறிப் பிள்ளைகளைக் காத்த மருத்துவச்சிகள் இருவரின் பெயரை அது தவறாமல் எழுதி வைத்திருக்கிறது: சிப்ரா, பூவா. கல்லில் வெட்டாத அந்தப் பெயர்களை இன்றும் உலகமெங்கும் வாசிக்கிறார்கள். கடவுளின் ஏட்டில் எவர் பெயர் நிற்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இவ்வாண்டு கல்லறைத் திருநாளுக்கு உங்கள் குடும்பத்தின் பெயர்ப் பட்டியலை எழுத அமரும்போது பிள்ளைகளையும் அருகே அமர்த்திக்கொள்ளுங்கள். தாத்தாவின் தந்தை பெயர் என்ன என்று கேட்டு எழுதுங்கள். பிறவாமல் இறந்த குழந்தை உங்கள் வீட்டில் இருந்தால், அதற்கும் ஒரு வரி விடுங்கள். பெயர் வைக்காவிட்டால் இப்போது வையுங்கள். உங்கள் குடும்பக் கல்லறையைச் சுத்தம் செய்த பின்பு, அருகில் எவரும் வராமல் புல் மூடிக் கிடக்கும் கல்லறை ஒன்றையும் செதுக்கி, ஒரு மெழுகுவர்த்தி ஏற்றி, அதில் எழுதியுள்ள பெயரைச் சொல்லி ஒரு நித்திய இளைப்பாற்றி செபம் சொல்லுங்கள். நவம்பர் 1 முதல் 8 வரை கல்லறைத் தோட்டத்தைச் சந்தித்து மரித்தோருக்காகச் செபிப்போர், வழக்கமான நிபந்தனைகளோடு அவர்களுக்கென நிறைவான பலனைப் பெறலாம் என்பதும் நீங்கள் அறிந்ததே. நௌனக்தே என்ற மூதாட்டியை நினைத்து, உயிரோடு இருக்கும் பெற்றோரின் கையையும் அன்று பற்றிக்கொள்ளுங்கள்.

எங்கள் குழுவிலிருந்த அந்தத் தாய் ஊர் திரும்பிய பின் எனக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். இவ்வாண்டுக்கான பெயர்த் தாளை இப்போதே எழுதி, தம் செபப் புத்தகத்தில் வைத்திருப்பதாகவும், அதில் முதல் பெயர் அந்தப் பிள்ளையுடையதுதான் என்றும் குறிப்பிட்டிருக்கிறார்.

அடுத்த மாதம் வேறொரு நாட்டில் சந்திப்போம்.